ஒலோவையில் ஒரு மருத்துவமனை

ஒக்லாந்துத் தமிழ்ச் சங்க இதழின் ஆசிரியர் ஒவ்வொரு வருடமும் ஆண்டு மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்பார். "ஓய்வுபெற்றுச் சும்மாதானே இருக்கிறியள், உங்கட உத்தியோக அனுபவத்தை எழுதித் தாங்கோவன்" என்பார். ஒவ்வொரு வருடமும் மறுத்துவந்தேன். பதினேழு வருடங்கள் ஒரு மேசையில் இருந்தபடி, போகாத நாடுகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவனுக்கு என்ன அனுபவம் இருக்கப்போகிறது? இந்த முறை நானாகவே அவரைக் கூப்பிட்டு இரண்டு பக்கம் ஒதுக்கச் சொன்னேன். ஏதோ விளம்பரம் என்று நினைத்து அவர் முதலில் கட்டண விபரம் சொன்னார். கட்டுரை என்றதும், "என்ன திடீரெண்டு?" என்றார். அவருக்குச் சொன்ன காரணத்தை உங்களுக்குக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீங்கள் அடுத்த பக்கத்துச் சமையல் குறிப்புக்குப் போய்விடுவீர்கள்.

யாழ்ப்பாணத்தில் பதினான்கு வருடங்கள் பூகோளம் படிப்பித்தவன் நான். உலகப் படத்தில் எங்கே விரலை வைத்தாலும் அந்த இடத்தின் மழைவீழ்ச்சியைச் சொல்லுவேன் என்று ஒரு பெருமை இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒக்லாந்துக்கு வந்தபோது, இந்த நாட்டு அரசாங்கம் என் பட்டத்துக்குப் புள்ளிகள் போட்டு விசா தந்தது. வேலை தரவேண்டியவர்கள் அந்தப் புள்ளிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கவில்லை. முதல் இரண்டு வருடமும் விரி என்ற புறநகரில் ஒரு வெயர்ஹவுஸில் பெட்டி இறக்கினேன். மீன் டின், நூடுல்ஸ், சவர்க்காரம். பெட்டிகளின் பக்கவாட்டில் எந்த நாட்டில் செய்தது என்று அச்சடித்திருக்கும். அதை வாசித்துக்கொண்டு நின்றால் மேற்பார்வை செய்யும் பெண் வந்து, "மிஸ்டர் சிவா, அது புத்தகம் இல்லை" என்பாள்.

அவள் பெயர் ரூத். பசிபிக்கில் ஒலோவை என்ற சின்னத் தீவைச் சேர்ந்தவள். முதுகை வளைக்காமல் முழங்காலை வளைத்துப் பெட்டி தூக்கக் கற்றுத் தந்தவள் அவள்தான். அதனால்தான் இந்த வயதிலும் நிமிர்ந்து நடக்கிறேன். நானும் தீவிலிருந்து வந்தவன் என்று ஒருநாள் சொன்னேன். எவ்வளவு பெரியது என்று கேட்டாள். சொன்னேன். பெட்டியை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"அது தீவு இல்லை. காலையில் நடக்கத் தொடங்கினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் சுற்றி வரக்கூடியதுதான் தீவு."

பூகோள ஆசிரியன் நான், அடுத்த பெட்டியைத் தூக்கினேன்.

பிறகு எல்லர்ஸ்லியில் ஒரு சிறிய நிறுவனம் பூகோளப் பட்டதாரிகளைத் தேடுவதாகப் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. போனேன், எடுத்துக்கொண்டார்கள். அங்கே செய்த பொருள் 'நாட்டுத் தாள்'. உலகத்தில் இருக்கும் ஒவ்வொரு நாட்டுக்கும், ஒவ்வொரு தீவுக்கும் இரண்டு பக்கம். நிலம், மக்கள், பொருளாதாரம், அரசு என்று நான்கு தலைப்புகள். சீனாவுக்கும் இரண்டு பக்கம்தான், ஒலோவைக்கும் இரண்டு பக்கம்தான். அந்தச் சமத்துவத்தை நான் உலகத்தில் வேறெங்கும் கண்டதில்லை. பள்ளிக்கூடங்கள், ஏற்றுமதிக் கம்பனிகள், அரசு அலுவலகங்கள் எல்லாம் சந்தா கட்டி அவற்றை வாங்கின. திருத்தம் ஏதும் இருந்தால் ஒவ்வொரு மாதமும் பதினைந்தாம் திகதி இளஞ்சிவப்புத் தாளில் அனுப்புவோம்.

பயிற்சி மூன்று மாதம் என்றார்கள். உண்மையில் அது ஒரு காலையோடு முடிந்துவிட்டது. மீதி நாட்கள் முழுவதும் தேவசகாயம் அவர்களின் பென்சிலைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான்.

தேவசகாயம் எங்கள் தலைமைப் பதிப்பாளர். மலேசியாவில் ஈப்போக்காரர். ஞாயிறு தவறாமல் தேவாலயம், பத்தரைக்கு ஒரு கோப்பை மைலோ, பன்னிரண்டரைக்குத் தக்காளி சாண்ட்விச். உலகம் அழிந்தாலும் பன்னிரண்டு முப்பத்தொன்றுக்குத்தான் அழியும், அதற்குள் அவர் சாண்ட்விச்சின் முதல் கடியைக் கடித்திருப்பார். மேசையில் கூராக்கிய பென்சில்கள் ஆறு, ஒரே உயரத்தில் நிற்கும். நாங்கள் எழுதிக் கொடுக்கும் தாளில் பிழை என்று அவர் ஒருபோதும் எழுதமாட்டார். சந்தேகமான வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைப்பார். என்ன சந்தேகம் என்று சொல்லமாட்டார். நாங்களே போய்த் தேடிக் கண்டுபிடித்து, மூலத்தைக் காட்டினால், அழிறப்பரால் புள்ளியை அழித்துவிட்டுத் தூசியை ஊதுவார். அந்த ஊதலுக்காகத்தான் நாங்கள் எல்லாரும் வேலை செய்தோம்.

"எங்கேருந்து எடுத்தீங்க?" இதுதான் அவர் அதிகம் கேட்ட கேள்வி.

சட்டங்கள் இரண்டு. ஒன்று, ஒவ்வொரு வரிக்கும் அச்சில் வந்த இரண்டு மூலங்கள் வேண்டும். அவற்றை ஒரு மஞ்சள் அட்டையில் எழுதி, இழுப்பறையில் வைக்கவேண்டும். இரண்டாவது, யாரும் தான் பிறந்த நாட்டின் தாளைத் தொடக்கூடாது.

"மலேசியாத் தாளை நான் இன்னிக்கு வரைக்கும் தொட்டது இல்ல லா" என்றார் முதல் நாளே, மலேசியர்கள் பேச்சின் முடிவில் ஒட்டும் அந்த 'லா'வோடு. "தொட்டேன்னா ஈப்போவைத் தலைநகரமா ஆக்கிடுவேன். மனுசன்தானே? நீங்களும் இலங்கைத் தாள் பக்கம் போகாதீங்க, சிவபாதம். ஆனா நீங்க தீவுக்காரர்தானே? மத்தத் தீவு எல்லாம் நீங்க பாத்துக்குங்க."

இப்படியாக, ஒரு தீவில் பிறந்த குற்றத்துக்காக அந்தத் தீவைத் தவிர்ந்த எல்லாத் தீவுகளும் எனக்குக் கிடைத்தன. இலங்கைத் தாளை வேல்ஸ் நாட்டில் பிறந்த ஒருவர் பார்த்துக்கொண்டார். நல்ல மனிதர். அவருடைய தாளில் பொருளாதாரத்தின் கீழ் ஒரு வரி இருந்தது: 'தலைநகரிலிருந்து வடகரை வரை ரயில் பாதை உண்டு.' அந்த ரயில் நின்று வருடங்களாகிவிட்டன. தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டைகளையும் பதுங்குகுழிக்குக் கழற்றிப் போனதை என் கண்ணால் கண்டவன் நான். என் வீட்டுப் பதுங்குகுழிக்கு மேலும் இரண்டு கட்டைகள் கிடந்தன. ஆனாலும் அந்த இழுப்பறையைக் கடந்து போகும்போதெல்லாம் வாயைத் திறக்கவில்லை. வேலை புதிது, சட்டம் சட்டம், வீட்டு மோர்கேஜ் கடன் வேறு. மூன்று வருடங்கள் அந்த ரயில் எல்லர்ஸ்லியில் ஓடிக்கொண்டே இருந்தது.

ஒலோவைத் தாளை நான் புதுப்பித்தது வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். ரூத்தின் ஊர் என்பதால் ஆசையாகத்தான் எழுதினேன். பவளத் தீவு, வெப்பமண்டலக் காலநிலை, கொப்பரை, மீன், கைவினைப் பாய், ஏழு உறுப்பினர் கொண்ட தீவுச் சபை. பழைய பதிப்பில் இருந்த 'பிரதான கிராமத்தில் ஒரு மருத்துவமனை உள்ளது' என்ற வரியையும் வைத்துக்கொண்டேன். அந்த வரியின் ஓரத்தில் தேவசகாயம் புள்ளி வைத்தார். நான் ஒரு வர்த்தகக் கையேட்டையும் ஒரு பள்ளித் தேசப்படத்தின் விளக்க நூலையும் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டிலும் மருத்துவமனை இருந்தது. அவர் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு அழித்து, தூசியை ஊதினார். அன்று நான் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

ரூத்தை ஒருதரம் கேட்டிருக்கலாம். அவளுடைய தொலைபேசி இலக்கம் என்னிடம் இருந்தது. ஆனால் ரூத் அச்சில் வந்த மூலம் இல்லையே.

இரண்டு வருடம் கழித்து அவள்தான் என்னைக் கூப்பிட்டாள். தனக்குத் தெரிந்தவர்களில் ஆங்கிலக் கடிதம் எழுதக்கூடியவன் நான் ஒருவன் என்றாள். சனிக்கிழமை காலை மனுகாவில் இருந்த அவள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய தங்கை எஸ்தர் சோபாவின் மூலையில் கால்களை மடக்கிக்கொண்டு இருந்தாள். பதினெட்டு வயது. சின்னவயதில் தொண்டை நோ வந்து, அதைக் கவனிக்காமல் விட்டு, அது இருதய வால்வில் போய் முடிந்திருந்தது. விசிட்டர் விசாவில் வந்த இடத்தில்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். நாலு கிழமைக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போடவேண்டும், வருடக்கணக்காக. தவறினால் திரும்பக் காய்ச்சல் வரும், வந்தால் வால்வு தாங்காது என்று டொக்டர் சொல்லியிருந்தார். இங்கே தங்கிச் சிகிச்சை பெற அனுமதி கேட்டு விண்ணப்பித்தார்கள். மறுத்துக் கடிதம் வந்திருந்தது. மேன்முறையீட்டுக்கு ஆறு வாரம்.

கடிதத்தை ரூத் என் கையில் தந்தாள். 'விண்ணப்பதாரரின் சொந்த இடத்தில் மருத்துவமனை வசதி இருப்பதாக நாட்டுத் தகவல் காட்டுகிறது' என்று எழுதியிருந்தது. ஆதாரமாக ஒரு பிரதியும் இணைத்திருந்தார்கள். அதைப் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. எழுத்துருவைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. என் தாள். என் வரி. அதன் கீழே யாரோ மஞ்சள் மையால் கோடிட்டிருந்தார்கள்.

வெட்கம் என்றால் அதுதான் வெட்கம்.

"இந்த மருத்துவமனை..." என்று தொடங்கினேன்.

"கட்டிடம் இருக்கிறது" என்றாள் ரூத். "நான் பிறப்பதற்கு முன் கட்டினார்கள். டொக்டர் வருவார் என்றார்கள், வரவில்லை. ஒரு தாதி இரண்டு வருடம் இருந்துவிட்டுப் போனார். பிறகு புயலில் கூரை போயிற்று. இப்போது அதில் மீன் வலை வைத்திருக்கிறோம். பெயர்ப் பலகை மட்டும் அப்படியே இருக்கிறது."

கப்பல் எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும் என்று கேட்டேன். வரும்போது வரும் என்றாள்.

சொல்லாமல் வந்துவிடலாமா என்றும் நினைத்தேன். ஆனால் எஸ்தர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரூத், இதை எழுதினது நான்தான்."

ரூத் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். "நீங்களா? நீங்கள் எங்கள் தீவுக்குப் போயிருக்கிறீர்களா?"

"இல்லை."

"பிறகு எப்படி எழுதினீர்கள்?"

"மற்றவர்களும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள்."

"அவர்கள் போயிருக்கிறார்களா?"

பதினான்கு வருடம் படிப்பித்த காலத்தில் ஒரு மாணவன்கூட என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. ரூத் கோபப்படவும் இல்லை. பெட்டியைப் பிழையாகத் தூக்கிய ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள், அவ்வளவுதான். எஸ்தர்தான் பேசினாள். "இவர் எழுதினதை இவரே மாற்றலாம்தானே?" என்று அக்காவைக் கேட்டாள். மாற்றித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னபோது அது எவ்வளவு பெரிய வாக்கு என்று எனக்குத் தெரிந்திருந்தால் அவ்வளவு லேசாகச் சொல்லியிருக்கமாட்டேன்.

திங்கள் காலை தேவசகாயம் முன் நின்றேன். முழுவதையும் கேட்டார். மைலோ ஆறிப்போனது.

"அச்சுல இருக்கா?" என்றார்.

"சேர், அந்த மனிசி அங்க பிறந்து வளர்ந்தவ. வலை வைக்கினமாம் சேர்."

"அவங்க சொல்றது உண்மைதான் லா. நான் நம்புறேன். ஆனா நான் நம்புறதை வச்சுத் தாள் போட முடியாது. சட்டம் நான் எழுதினது. நானே மீறினா, நாளைக்கு எல்லாரும் அவங்கவங்க சொந்தக்காரங்க சொன்னதை எழுதுவாங்க."

"அப்ப இருக்கிற மூலம் மட்டும் சரியோ சேர்? ஒருக்கா எல்லாத்தையும் எடுத்துப் பாப்பம்."

பெரிய மேசையில் எல்லாவற்றையும் பரப்பினோம். வர்த்தகக் கையேட்டின் பின்பக்கத்தில் மூலங்களின் பட்டியல் இருந்தது. ஒலோவைக்கு அது தேசப்பட விளக்க நூலைக் காட்டியது. விளக்க நூலின் பின்பக்கம் ஒரு நிறுவனத்துக்கு நன்றி சொன்னது. அந்த நிறுவனம் நாங்கள். எங்கள் முதல் பதிப்பைப் பார்த்து அவர்கள் எழுதியிருக்கிறார்கள், அவர்களைப் பார்த்துக் கையேட்டுக்காரர் எழுதியிருக்கிறார், அந்த இருவரையும் மூலமாகக் காட்டி நான் எழுதியிருக்கிறேன். எங்கள் வரி ஊரெல்லாம் சுற்றிவிட்டு, இரண்டு சாட்சிகளோடு வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தது.

எஞ்சியது முதல் பதிப்பின் மஞ்சள் அட்டை. இழுப்பறையின் அடியிலிருந்து எடுத்தோம். ஒரே ஒரு மூலம், அதுவும் பழைய மிஷன் அறிக்கை ஒன்று. சட்டம் வருவதற்கு முந்திய காலத்து அட்டை. அதில் பென்சிலில் முழு வசனமும் பிரதி பண்ணியிருந்தது: 'மருத்துவமனைக் கட்டிடம் பூர்த்தியாயிற்று, மருத்துவர் விரைவில் வருவார்.' இரண்டாவது பாதியின் மேல் ஒரு கோடு கிழித்து, ஓரத்தில் 'இடம் போதாது' என்று எழுதியிருந்தது.

கூரிய, ஒரே உயரமான எழுத்துகள். யாருடைய கை என்று கேட்க வேண்டியதில்லை. தேவசகாயம் அட்டையை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"நான்தான்" என்றார். "ரெண்டு பக்கத்துல அடக்கணும்னு வெட்டிட்டேன். அப்ப எனக்கு வயசு முப்பது லா. பிறகு எத்தனையோ தடவை அந்த வரியைப் பாக்கும்போது மனசு இடிக்கும். என்னன்னு தெரியாது. உங்களுக்குப் புள்ளி வச்சேன், ஞாபகம் இருக்கா?"

"நீங்கள் புள்ளி வைச்சியள். நான்தான் ரெண்டு புத்தகத்தைக் கொண்டந்து காட்டினன்."

"நானும் ஊதினேன்."

அன்று அவர் பன்னிரண்டரைக்குச் சாப்பிடவில்லை. அலுவலகமே பயந்துபோயிருந்தது. ஒரு மணியளவில் என்னைக் கூப்பிட்டு, பென்சில்களைச் சரிபார்த்தபடி, சுவரைப் பார்த்துப் பேசுவது போலச் சொன்னார்.

"சட்டத்துல அச்சுல வந்த ரெண்டு மூலம்னுதான் இருக்கு. என்ன மொழின்னு இல்ல. எந்த நாட்டு அச்சுன்னும் இல்ல. திருத்தத் தாள் பதினைஞ்சாம் தேதி போகும். உங்க சங்கத்துக்காரங்க மாசாமாசம் ஏதோ புக்கு போடுறாங்க இல்ல?"

"ஓம் சேர். முதலாம் கிழமையில வரும்."

"அதுல சமையல், கோயில் திருவிழா எல்லாம் வருது. பூகோளம் வராதா?" என்று சொல்லி நிறுத்தினார். பிறகு என்னை நேராகப் பார்த்தார். "ஆனா சிவபாதம், மேசையில உக்காந்து எழுதக்கூடாது. போய்க் கேட்டு எழுதுங்க. ஒவ்வொரு வரிக்கும் ஒரு ஆள் வேணும்."

ஞாயிற்றுக்கிழமை ஒலோவை மக்களின் தேவாலயச் சபை கூடும் மனுகாவ் மண்டபத்துக்குப் போனேன். ஆராதனை முடிந்து சாப்பாடு. என் தாளை வாசித்துக் காட்டச் சொன்னார்கள். வாசிக்க வாசிக்கச் சிரித்தார்கள்.

'நிலம்' என்ற தலைப்பில் நான் காலநிலையை அழகாக விபரித்திருந்தேன். கப்பல் கரைக்கு வர முடியாது, பவளப் பாறையின் ஒரு இடைவெளியால் தோணியில்தான் போகவேண்டும், மேல்காற்று அடித்தால் அதுவும் இல்லை, நோயாளி படுத்தபடியே காத்திருக்க வேண்டியதுதான் என்பதை நான் எழுதவில்லை. 'மக்கள்' தொகையைச் சொன்னதும் ஒரு பெரியவர் மண்டபத்தைச் சுற்றிக் கையைக் காட்டி, "இதைவிடக் குறைவு" என்றார். தீவில் இருப்பவர்களைவிட மனுகாவில் இருப்பவர்கள் அதிகமாம். கொப்பரையை எவரும் ஏற்றி வருடக்கணக்காகிறது. அந்தத் தீவின் பொருளாதாரம் விரியில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் நின்று இரண்டு வருடம் நானும் தூக்கியிருக்கிறேன், தெரியாமல். அரசைப் பற்றிக் கேட்டபோது, ஏழு பேர் கொண்ட தீவுச் சபை உண்மைதான் என்றார்கள். அதில் நாலு பேர் இந்த மண்டபத்தில் கோழி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கூட்டம் தொலைபேசியில் நடக்கும். பெரும்பான்மை ஒக்லாந்தில்.

மருத்துவமனை வரிக்கு நான்கு பேரைத் தனித்தனியே கேட்டேன். நாலு பேரும் ஒரே வலையைத்தான் சொன்னார்கள். ரூத் ஒரு படமும் தந்தாள்: கூரை இல்லாத சுவர்கள், பெயர்ப் பலகை, அதில் காயப் போட்ட வலை. அதோடு தேவாலயச் சபையின் அச்சடித்த மாத மடல் ஒன்றையும் எடுத்துவந்தாள். 'பழைய மருத்துவமனையில் வைத்திருந்த வலைகள் மழையில் நனைந்தன, தகரம் அனுப்பியவர்களுக்கு நன்றி' என்று அவர்களுடைய மொழியில் இரண்டு வரி இருந்தது. அது முதலாவது மூலம்.

இரண்டாவதை நான் எழுதினேன். அப்போதைய சங்க இதழ் ஆசிரியர் ஒரு பல் வைத்தியர். கட்டுரையைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மாஸ்டர், எங்கட ஆக்கள் ஆரும் அங்க இருக்கினமோ?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப ஏன் மாஸ்டர் எங்கட புத்தகத்தில?"

"ஒரு பிள்ளையின்ர உயிர் விசயம்" என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பாலர் வகுப்புப் பரிசளிப்பு விழாப் படங்களை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு ஏழாம் பக்கத்தை எனக்குத் தந்தார். அந்தப் படங்கள் வராததற்காக எத்தனை தாய்மார் அவருடைய கிளினிக்குக்கே போய்ச் சண்டை பிடித்தார்கள் என்பது தனிக் கதை.

இதழ் வந்த அன்று அதைத் தேவசகாயத்தின் மேசையில் வைத்தேன். ஒரு பக்கம் புடவைக் கடை விளம்பரம், மறு பக்கம் ஒலோவை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். ஈப்போவில் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். கொஞ்சம் மெதுவாகத்தான் வாசிப்பார்.

"யார் எழுதினது?"

"ஒரு முன்னாள் பூகோள ஆசிரியர், சேர்."

"போய்க் கேட்டு எழுதினாரா?"

"ஒவ்வொரு வரிக்கும் ஆள் இருக்கு சேர்."

புது மஞ்சள் அட்டையில் இரண்டு மூலங்களையும் தன் கையாலேயே எழுதினார். பழைய வரியை வெட்டி, 'மருத்துவமனைக் கட்டிடம் உண்டு, இயங்கவில்லை, மருத்துவரோ தாதியோ இல்லை' என்று எழுதினார். இடம் போதவில்லை. கைவினைப் பாயை எடுத்துவிட்டார். பதினைந்தாம் திகதி இளஞ்சிவப்புத் தாள் எல்லாச் சந்தாதாரர்களுக்கும் போயிற்று, எஸ்தரின் விண்ணப்பத்தை மறுத்த அந்த அரசு அலுவலகத்துக்கும்தான். மேன்முறையீட்டுக் கடிதத்தை நான் எழுதினேன். இன்ன திகதியிட்ட திருத்தத்தைப் பார்க்கவும் என்று அதில் ஒரு வரிதான் முக்கியம்.

எஸ்தருக்கு அனுமதி கிடைத்தது. 'தற்போதைய நாட்டுத் தகவலின்படி' என்று தொடங்கியது கடிதம். அந்தப் பிள்ளையின் வால்வையோ, டொக்டரின் கடிதத்தையோ, ரூத்தின் கண்ணீரையோ நம்பாதவர்கள் சங்க இதழின் ஏழாம் பக்கத்தை நம்பினார்கள். ரூத் ஒரு பெரிய கோழியும் ஒரு பாயும் கொண்டுவந்து தந்தாள். தாளிலிருந்து எடுத்த அதே பாய்தான், இப்போதும் என் வரவேற்பறையில் கிடக்கிறது.

அந்த வாரம் ஒரு பின்னேரம் மேசைக்குத் திரும்பியபோது என் மேசையில் ஒரு தாள் கிடந்தது. இலங்கை. ரயில் பாதை வரியின் ஓரத்தில் ஒரு சின்னப் பென்சில் புள்ளி. நிமிர்ந்து பார்த்தேன். தேவசகாயம் தன் அறையில் குனிந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தார். அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு நான் அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. சட்டப்படி நான் தாளைத் தொடவில்லை. வேல்ஸ்காரருக்கு இரண்டு பத்திரிகைத் துணுக்குகளைக் கொடுத்தேன். அடுத்த மாதம் ரயில் நின்றது.

தேவசகாயம் காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. நானும் ஓய்வுபெற்றேன். நாட்டுத் தாள்கள் கணினிக்குப் போய்விட்டன. மஞ்சள் அட்டைகளையும் கணினியில் ஏற்றிவிட்டார்களாம்.

போன மாதம் அந்த நிறுவனத்திலிருந்து அனிதா என்றொருவர் கூப்பிட்டார். எங்கள் சமூகத்துப் பெண்தான், இங்கே பிறந்தவர். 'அங்கிள்' என்பதைத் தவிர மற்றதெல்லாம் ஆங்கிலம். நான் தமிழில் தருகிறேன்.

"அங்கிள், ஒலோவைத் தாளில் இரண்டாவது மூலம் ஏதோ தமிழ் எழுத்தில் இருக்கிறது. என்னால் வாசிக்க முடியவில்லை. அது என்ன பத்திரிகை?"

சொன்னேன்.

"சங்கப் புத்தகமா? என் பரிசளிப்புப் படம் ஒருமுறை வராமல் போனதே, அதுவா?"

"ஓம் பிள்ளை. அதேதான். இப்ப ஏன் அதைக் கேக்கிறீர்?"

ஒலோவையிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறதாம். தீவில் மருத்துவமனை இயங்கவில்லை என்று எங்கள் தாளில் இருப்பதால், மருந்து அனுப்பும் ஒரு தொண்டு அமைப்பு, இயங்காத இடத்துக்கு எதற்கு மருந்து என்று நிறுத்திவிட்டதாம். கூரை போட்டாயிற்று, ஊசி மருந்து வைக்கக் குளிர்பெட்டி இருக்கிறது, நான்கு கிழமைக்கு ஒருமுறை ஊசி போடவேண்டிய பிள்ளைகள் எட்டுப் பேர் இருக்கிறார்கள், தயவுசெய்து வரியை மாற்றுங்கள் என்று எழுதியிருந்தாராம் பொறுப்பான தாதி.

"பெயர் என்ன?" என்றேன்.

"எஸ்தர்."

"அப்ப மாத்துங்கோவன் பிள்ளை!"

"எப்படி அங்கிள்? வேறு எல்லா இணையத் தளங்களிலும் பார்த்தேன். எல்லாரும் இயங்கவில்லை என்றுதான் போட்டிருக்கிறார்கள். மின்னஞ்சல் அச்சு இல்லையே. இங்கே இன்னும் அந்தச் சட்டம்தான். மனுகாவில் அவர்களுடைய சபை மடலில் கூரை போட்ட செய்தி வந்திருக்கிறது. அது ஒன்று. இன்னும் ஒன்று வேண்டும்."

நான் தொலைபேசியை வைத்துவிட்டு ரூத்தின் வீட்டுக்குப் போனேன். வயதாகிவிட்டது அவளுக்கும். இங்கே தாதிப் படிப்பு முடித்து ஊருக்குத் திரும்பியிருந்த எஸ்தரோடு பேச ஒழுங்கு செய்து தந்தாள். ஒவ்வொரு வரியாகக் கேட்டேன். எஸ்தர் பொறுமையாகப் பதில் சொன்னாள். முடிவில், "இந்த முறையாவது வந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்" என்றாள். என் இருதயம் இப்போது தோணியில் ஏற அனுமதிக்காது என்றேன். "வாருங்கள், இங்கே மருத்துவமனை இருக்கிறது" என்றாள்.

ஆகவே ஆசிரியரிடம் நான் இரண்டு பக்கம் கேட்டதன் காரணம் இதுதான். அனிதா, இந்த வரியை யாரிடமாவது கொடுத்து வாசிப்பித்துக்கொள்ளும், பிறகு அட்டையில் பதிந்துகொள்ளும்: ஒலோவையின் பிரதான கிராமத்தில் ஒரு மருத்துவமனை உள்ளது, கூரையோடு இயங்குகிறது, தாதியின் பெயர் எஸ்தர். இடம் போதாவிட்டால் கொப்பரையை எடுத்துவிடும்.